பேரத்தை எங்கே பேசுவது?

கேள்வி: மைசூருவில் குடியிருக்கிறோம். நியாய வணிகம், நீடித்த நுகர்வு என்கிறார்களே, சாதாரணக் குடும்பம் என்ன செய்ய முடியும்?

பதில்: முதலில் பஸ் ஏறி நஞ்சன்கூடு பக்கம் பதனவாளுக்குப் போய்வாருங்கள். 1927-இல் காந்தி வந்துபோன கதர் ஊர் அது. 2015 ஏப்ரலில் நாடக இயக்குநர் பிரசன்னா சத்தியாகிரகம் நடத்தியதும் அங்கேதான். கைத்தொழிலும் கிராமமும் பிழைக்கும்படி நாம் எளிமையாக வாழ வேண்டும் என்றார். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது, கையால் செய்த பொருளுக்கு வரியே கூடாது என்று உண்ணாவிரதமும் இருந்தார். நியாயமான கோரிக்கை!

கதர்த் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும். நூற்றவரின் கையெழுத்து அது.

அடுத்தது பேரம். மாலில் விலைச்சீட்டைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்கிற நாம், தேவராஜா மார்க்கெட்டில் மல்லிகை விற்கும் அம்மாவிடம் ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறோம். வாதாடும் திறமையை இனி மாலில் காட்டுங்கள்! அக்கம்பக்கத்தார் சேர்ந்து விவசாயியிடமே அரிசி, காய்கறி மொத்தமாக வாங்கலாம். தரகுக் காசு அவருக்கே போய்ச் சேரும்.

தீபாவளிக்கு நாலு சட்டைக்குப் பதில் ஒரே ஒரு கதர்ச் சட்டை போதும். காதி மார்க் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.