திருவாளர் பிக்கப் கணக்குப் போடுகிறார்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், டல்லஸ், ஹூஸ்டன் புறநகர்த் தெரு எதில் நுழைந்தாலும் இவர் கண்ணில் படுவார். சொந்தப் பெயர் எதுவாகவோ இருக்கட்டும், நமக்கு அவர் திருவாளர் பிக்கப். பார்ப்பது ஏசி அறையில் கணினி வேலை. பண்ணை கிடையாது, மாடு கிடையாது, மரம் அறுக்கும் தொழிலும் கிடையாது. ஆனால் வாசலில் நாலு கதவும் ஐந்தரை அடித் தொட்டியுமாக ஒரு பிக்கப் டிரக் நிற்கிறது. கார் ஷெட்டில் நீளம் போதாததால் வெயிலிலும் மழையிலும் அதற்கு வெளியேதான் வாசம். ஷெட்டுக்குள் அட்டைப்பெட்டிகள் சுகமாகக் குடியிருக்கின்றன. வண்டியின் பின்புறம் 'டெக்சாஸ் எடிஷன்' என்று ஒரு பட்டயம் மின்னும். மற்றபடி சாதுவான மனிதர். பெட்ரோல் விலை ஏறும் மாதங்களில் மட்டும் கணக்குப்பிள்ளையாகிவிடுவார். "இதைத் தள்ளிவிட்டு மைலேஜ் கொடுக்கிற கார் ஒன்று வாங்கிவிட்டால் என்ன?" என்று அவருக்குள் ஒரு கேள்வி எழும். எழுந்த கேள்வி, விலை இறங்கும்வரை உட்காராது.

கேள்வியில் தப்பில்லை. கூட்டல் கழித்தலிலும் அவர் தவறுவதில்லை. ஆண்டுக்கு 12,000 மைல் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிக்கப் கேலனுக்கு 20 மைல் தரும். நம் கணக்கில் லிட்டருக்கு எட்டரை கிலோமீட்டர். ஆக 600 கேலன் பெட்ரோல். டொயோட்டா பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார் கேலனுக்கு 50 மைல் தாராளமாகத் தரும். அதற்கு 240 கேலன் போதும். மிச்சம் 360 கேலன். கேலன் மூன்றரை டாலர் என்றால் ஆண்டுக்கு 1,260 டாலர் லாபம். இந்த இடம் வந்ததும் திருவாளர் பிக்கப் பேனாவை மூடிவிடுவார். வாரக்கடைசியில் கறி சுடும் அடுப்பைச் சுற்றி நிற்கும் நண்பர்களிடம் அந்த 1,260 டாலரைச் செலவழித்தும் காட்டிவிடுவார். ஆனால் கணக்கு உண்மையில் தொடங்குவது பேனா மூடப்பட்ட இடத்தில்தான். டிரக்கை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதுக் காருக்கு மேலே 10,000 டாலர் கட்டவேண்டியிருந்தால், அந்த வித்தியாசத்துக்கு டெக்சாஸ் அரசு ஆறேகால் சதவீத விற்பனை வரி கேட்கும். 625 டாலர், அதாவது அரை ஆண்டு லாபம், ஷோரூம் வாசலிலேயே போய்விட்டது. போட்ட பணம் திரும்ப எட்டு ஆண்டுக்கு மேல் ஆகும். கடன் வாங்கியிருந்தால் வட்டி தனி. அந்த எட்டு ஆண்டுக்குள் இந்தக் காரையும் மாற்றலாமா என்று இன்னொரு கணக்குப் போடாமலா இருக்கப் போகிறார்?

படித்தவர், கடன் அட்டையின் வட்டி விகிதத்தை மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடியவர், இந்த ஒரு கணக்கில் மட்டும் பாதியில் நின்றுவிடுவது ஏன்? கண்ணுக்குத் தெரிகிற செலவு ஒன்று, தெரியாத செலவு ஒன்று என்று இரண்டு இருப்பதுதான் காரணம் என்பது என் கட்சி. பெட்ரோலைத் தவிர உலகத்தில் வேறெந்தப் பண்டத்தின் விலையையும் சாலையோரத்தில், ஆள் உயர எண்களில், இரவில் விளக்குப் போட்டுக் காட்டுவதில்லை. அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகள் சென்டைக்கூடப் பத்தாகப் பிரித்து, ஒன்பது பங்கைச் சின்ன எழுத்தில் தொங்கவிட்டிருக்கும். மூன்று டாலர் நான்கானால் நம்மவருக்கு ஆண்டுக்கு 600 டாலர், மாதத்துக்கு 50 டாலர் கூடுதல் செலவு. அதற்கு நாடாளுமன்றம்வரை திட்டு விழும். ஆனால் அமெரிக்காவில் புது வண்டிக் கடனின் சராசரி மாதத் தவணை 700 டாலரைத் தாண்டிவிட்டது. அதைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அது வங்கிக் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் போகிறது. வண்டியின் மதிப்புத் தேய்மானம் அதைவிடப் பரம ரகசியம். புது வண்டி வைத்திருப்போருக்கு ஆகும் செலவுகளில் முதலிடம் பெட்ரோலுக்கு அல்ல, தேய்மானத்துக்கு என்று 'ஏஏஏ' என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் ஆண்டுதோறும் கணக்கிட்டுச் சொல்லிவருகிறது. 2023, 2024 ஆண்டுகளில் அதன் சராசரி ஆண்டுக்கு 4,500 டாலருக்கு மேல், நாளொன்றுக்குச் சுமார் 12 டாலர். 'இன்று உங்கள் வண்டி 12 டாலர் இளைத்தது' என்று தெருமுனையில் ஒரு பலகை எரிந்தால் திருவாளர் பிக்கப் புது வண்டி வாங்கும் பழக்கத்தையே விட்டுவிடுவார். அப்படி ஒரு பலகை இல்லை. ஆகவே அவர் பெட்ரோலைச் சேமிக்கப் புது வண்டி வாங்கப் போகிறார்.

போவதும் எந்த நேரத்தில்? ஊரில் உள்ள திருவாளர் பிக்கப்புகள் அத்தனை பேரும் ஒரே பெட்ரோல் பலகையைப் பார்த்து ஒரே வாரத்தில் ஞானம் பெறுகிறார்கள். எல்லோரும் டிரக்கை விற்க வந்து நிற்க, டிரக் விலை சரிகிறது. எல்லோரும் சின்னக் காரைக் கேட்க, அதன் விலை ஏறுகிறது. 2008 கோடையில் பெட்ரோலின் சராசரி விலை முதன்முறையாக நான்கு டாலரைத் தாண்டியபோது, பெரிய டிரக்குகளை எக்ஸ்சேஞ்சுக்கு எடுக்கவே டீலர்கள் தயங்கினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் டிரக் தயாரிக்கும் நான்கு ஆலைகளை மூடப்போவதாக அந்த ஜூனில் அறிவித்தது. அப்படிப்பட்ட சந்தையில் டிரக்கை விற்றவர் பெட்ரோலில் காணப்போகும் பல ஆண்டு லாபத்தை ஒரே மதியத்தில் டீலருக்குத் தாரை வார்த்தவர். மாற்றுவதற்கு ஏற்ற காலம் பெட்ரோல் மலிவாகக் கிடைக்கும் காலம்தான். ஆனால் அந்தக் காலத்தில் அவருக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. அப்போது அவர் பெரிய டயர் பார்த்துக்கொண்டிருப்பார்.

மைலேஜ் என்ற அளவும் அவரைப் படுத்துகிறது. கேலனுக்கு 50 மைல் தரும் காரா, 57 மைல் தரும் காரா என்று மாலை மாலையாக ஒப்பிட்டுக்கொண்டிருப்பார். அவர் ஓட்டும் தூரத்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் ஆண்டுக்கு 30 கேலன். அதே வீட்டில் கேலனுக்கு 14 மைல் தரும் பழைய டிரக் ஒன்று ஓடி, அதை 20 மைல் தரும் டிரக்காக மாற்றினால் அதே தூரத்துக்கு 257 கேலன் மிஞ்சும். முதலதில் வித்தியாசம் ஏழு மைல், இரண்டாவதில் ஆறே மைல்; லாபமோ எட்டு மடங்குக்கு மேல். டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் இருவரும் 2008-இல் 'சயன்ஸ்' இதழில் இந்த மயக்கத்தை விளக்கினார்கள். பிறகு அமெரிக்க அரசே புது வண்டிகளின் கண்ணாடியில் ஒட்டும் சீட்டில், நூறு மைலுக்கு எத்தனை கேலன் என்ற கணக்கையும் சேர்த்தது. சீட்டின் அந்த மூலையைப் படிக்கிறவர்கள் திருவாளர் பிக்கப் வகையறா அல்ல.

"டிரக் எனக்குத் தேவை, ஐயா" என்பார். கட்டடம் கட்டுபவர், குழாய் ரிப்பேர் செய்பவர், பண்ணையாள் இவர்களுக்குத் தேவைதான். அவர்களுக்கு அது தொழிற்கருவி, அவர்கள் இந்தக் கணக்கையே போடுவதில்லை. நம்மவரின் தேவை வேறு ரகம். வாகனச் சந்தையை ஆராயும் ஸ்ட்ராடஜிக் விஷன் நிறுவனத்தின் கணக்கெடுப்பில், டிரக் உரிமையாளர்களில் நாலில் மூன்று பேர் ஆண்டுக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோதான் எதையாவது கட்டி இழுக்கிறார்கள். மூன்றில் ஒருவர் தொட்டியில் சுமை ஏற்றுவதும் அதே அழகில்தான். இதைச் சொன்னால் படகைக் காட்டுவார். "காரை வாங்கிவிட்டால் படகை எதில் இழுப்பது?" "எந்தப் படகு?" என்பார் மனைவி. "வாங்கப் போகிற படகு." சுமைக்கு வருவோம். அங்கே ஒட்டுப்பலகை நாலுக்கு எட்டடி. இவருடைய தொட்டி ஐந்தரை அடி. பின்கதவைத் திறந்துபோட்டு, கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டுத்தான் கொண்டுபோக முடியும். குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் ஹோண்டா ஒடிசி மினிவேன், பின்சீட்டுகளை எடுத்துவிட்டால் அதே பலகையைக் கதவடைத்துக் கொண்டுபோகும். இந்தத் தகவலை அவரிடம் சொல்பவர்கள் மறுபடி கறி விருந்துக்கு அழைக்கப்படுவதில்லை. உண்மையாகவே சுமை வந்தால் யூ-ஹால் கம்பெனியில் நாள் வாடகை 20 டாலர் அளவிலிருந்து தொடங்குகிறது, மைலுக்குத் தனிக் காசு. அதை நேரில் போய் எடுத்துவருவதில் கௌரவக் குறைச்சல் ஒன்று இருப்பதை நானும் மறுக்கவில்லை.

எல்லாப் பழியையும் அவர் தலையில் போடுவதும் நியாயமில்லை. சின்னதாக, சிக்கனமாக ஒரு டிரக் வாங்கலாம் என்று பார்த்தால் பல காலம் அது அங்கே அரிதாகத்தான் கிடைத்தது. 1960-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழிக்கறிக்கு வரி போட்டன. பதிலுக்கு அமெரிக்கா 1964 முதல், இறக்குமதியாகும் இலகு ரக டிரக்குகளுக்கு 25 சதவீத வரி போட்டது. கோழிச் சண்டை ஓய்ந்தது, வரி ஓயவில்லை. வெளியாள் போட்டியிலிருந்து தப்பித்த டிரக், 1975-இல் பிறந்த எரிபொருள் சிக்கனச் சட்டத்திலும் கார்களைவிடத் தளர்வான விதியைப் பெற்றது. இந்த இரண்டு நிழலிலும் வளர்ந்ததுதான் இவர் வாசலில் நிற்கிறது. 2021-இல் ஃபோர்டு கம்பெனி மேவரிக் என்று ஒரு சின்ன ஹைபிரிட் பிக்கப்பை 20,000 டாலர் அளவில் கொண்டுவந்தபோது, ஆர்டர் குவிந்து சில மாதங்களில் பதிவையே நிறுத்தவேண்டியதாயிற்று.

பணம் மட்டுமா, பூமியின் சூடு இல்லையா என்பது கனமான ஆட்சேபம். 360 கேலன் குறைந்தால் ஆண்டுக்கு மூன்று டன்னுக்கு மேல் கரியமிலவாயு குறையும். ஆனால் விற்ற டிரக் சாவதில்லை. வேறொருவர் வாசலில் நின்று புகைக்கும். இது தெரிந்துதான் 2009-இல் அமெரிக்க அரசு, மானியம் கொடுத்து மாற்றிய சுமார் 6.8 லட்சம் பழைய வண்டிகளின் என்ஜின்களில் சோடியம் சிலிக்கேட் கரைசலை ஊற்றி, திரும்ப ஓடாதபடி அடைத்தது. திருவாளர் பிக்கப் அந்த அளவுக்குப் போகமாட்டார். அவரால் முடிந்த புண்ணியம், அடுத்த தடவை புதிதாக ஒரு பெரிய டிரக்கைப் பிறக்க வைக்காமல் இருப்பது.

ஆகவே என் தீர்ப்பு: தவணை முடிந்து, ஓடிக்கொண்டிருக்கும் டிரக்கைப் பெட்ரோல் பலகையைப் பார்த்து விற்காதீர்கள். அதற்கு வயதாகி, எப்படியும் மாற்றியாக வேண்டிய நாளில், பலகையில் எண் சின்னதாக இருந்தாலும் காரையே வாங்குங்கள். அவர் கேட்பாரா என்பதற்கு 2008-ஆம் ஆண்டே சாட்சி. அந்த மே மாதம், பல ஆண்டுகளுக்குப் பிறகு, ஃபோர்டு எஃப்-வரிசை பிக்கப் விற்பனையில் முதலிடத்தை இழந்தது. ஹோண்டா சிவிக் என்ற சின்னக் கார் முந்தியது. பெட்ரோல் ஜூலையில் நான்கு டாலருக்கு மேல் நின்றது, டிசம்பர் கடைசியில் 1.70 டாலருக்கும் கீழே வந்தது. ஆண்டுக் கணக்கை மொத்தமாகக் கூட்டியபோது அமெரிக்காவில் அதிகம் விற்ற வண்டி மறுபடியும் ஃபோர்டு எஃப்-வரிசை பிக்கப்தான்.