உங்கள் வண்டியை உங்களிடமே ஒப்படைப்பது குறித்து

பெறுநர்:
மேலாளர் அவர்கள், லீஸ் முடிவுப் பிரிவு.
(நிறுவனத்தின் பெயரை மரியாதை கருதி எழுதவில்லை. என் கணக்கு எண் உங்களிடம் பத்திரமாக இருக்கும்.)

பொருள்: மூன்று வருடமாக என் வீட்டு வாசலில் நிற்கும் உங்கள் மின்சாரப் பிக்கப்.

ஐயா அல்லது அம்மா,

"வாழ்த்துகள்! நீங்கள் நேசிக்கும் வண்டியை உங்களுக்கே சொந்தமாக்கிக்கொள்ள ஓர் அரிய வாய்ப்பு" என்று போன வாரம் நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. கூடவே ஒரு பிளாஸ்டிக் அட்டையும் வந்தது. வண்டியில் உள்ள கீறல் அந்த அட்டைக்குள் அடங்கினால் மன்னிப்பு, அடங்காவிட்டால் அபராதம் என்று புரிந்துகொண்டேன். ஒரே உறையில் கல்யாணப் பத்திரிகையையும் வக்கீல் நோட்டீஸையும் சேர்த்து அனுப்பும் சிக்கனத்தை உங்களிடம்தான் பார்க்கிறேன்.

2023 ஜூன் மாதம், ஹூஸ்டனுக்குத் தெற்கே பியர்லேண்டில் இருந்துகொண்டு, ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் ஒன்றை உங்களிடம் லீசுக்கு எடுத்தேன். உங்களுக்கும் ஃபோர்டுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது, எனவே அவர்கள் இந்தக் கடிதத்தைப் பார்த்துக் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்ட அன்று ராத்திரியே மதுரைக்குப் போன் போட்டேன்.

"அம்மா, வண்டி எடுத்திருக்கேன். லீசுக்கு."

"லீசுக்கா? நல்ல காரியம் பண்ணுன. மூணு வருசம் கழிச்சு முழுப் பணமும் வந்துரும்ல?"

விளக்கம் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் லீசுக்கு வீடு பிடிப்பது, அதாவது ஒத்திக்கு இருப்பது என்றால், மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு வாடகையே இல்லாமல் குடியிருப்பது. காலி பண்ணும் அன்றைக்குக் கொடுத்ததை அப்படியே எண்ணி வாங்கிக்கொண்டு வருவது. மதுரை செல்லூரில் இரண்டு வீட்டில் அம்மா அப்படித்தான் இருந்தார். ஆக லீஸ் என்ற சொல்லுக்கு அவர் அகராதியில் 'பணம் பத்திரம்' என்று பொருள். எனக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது. "வந்துரும்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பொய் சொன்னது நான்தான், மறுக்கவில்லை. அந்தப் பொய்க்கு மாதம் 912 டாலர் வாங்கியது நீங்கள்.

அந்த 912 எப்படி வந்தது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு சனிக்கிழமைகள் ஆயின. வண்டி விலை சுமார் 64,000. மூன்று வருடம் கழித்து அது 38,400 பெறும் என்று நீங்களே ஆரூடம் சொன்னீர்கள். இடைப்பட்ட தேய்மானத்தை 36 மாதத்துக்குப் பிரித்தீர்கள். சரி, நியாயம். அதற்கு மேல் 'மணி ஃபேக்டர்' என்று ஒன்று இருந்தது. 0.0025. கடுகைவிடச் சின்ன எண். "வட்டி எவ்வளவுங்க?" என்று டீலர் கடையில் இருந்த இளைஞரிடம் கேட்டேன். "லீசில் வட்டியே கிடையாது சார்" என்று அந்தப் பிள்ளை சிரித்தது. வீட்டுக்கு வந்து 2,400-ஆல் பெருக்கிப் பார்த்தால் 6 சதவீதம். எங்கள் பக்கத்துக் கந்துவட்டிக்காரர்கூட நூற்றுக்கு இவ்வளவு என்று முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்.

இதில் டெக்சஸ் அரசையும் விட்டுவிடக் கூடாது. வண்டியை நான் முழுதாக வாங்கவில்லை, மூன்று வருடம் உபயோகிக்கத்தான் எடுத்தேன். வரி மட்டும் முழு விலைக்கும் 6.25 சதவீதம். முறைப்படி அது நீங்கள் கட்ட வேண்டிய வரி. நீங்களும் கட்டினீர்கள், என் பணத்தில். 4,000 டாலர். இப்போது உங்கள் அரிய வாய்ப்பை ஏற்று 38,400-க்கு வண்டியை வாங்கினால் இன்னொரு முறை வரி, 2,400. ஒரே பெண்ணை இரண்டு தடவை கட்டி, இரண்டு தடவையும் மாப்பிள்ளையே மண்டப வாடகை கொடுப்பது போல இருக்கிறது.

இனி அந்த 7,500 டாலர் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள்.

2022 ஆகஸ்டில் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம், மின்வண்டி வாங்குபவருக்கு 7,500 டாலர் வரை வரிச் சலுகை கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை. கூட்டாக வரி கட்டும் தம்பதியின் வருமானம் 3,00,000-ஐத் தாண்டக் கூடாது, பிக்கப் விலை 80,000-ஐத் தாண்டக் கூடாது, வண்டியின் பாகங்கள் வட அமெரிக்காவில் பூட்டப்பட்டிருக்க வேண்டும், பேட்டரிக்குள் இருக்கும் தாதுப்பொருளின் பூர்வீகம் சரியாக இருக்க வேண்டும். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை விசாரிப்பதில்லை. அந்த டிசம்பர் 29-ஆம் தேதி கருவூலத் துறை ஒரு விளக்கம் கொடுத்தது: லீசுக்கு விடும் வண்டி வணிக வாகனம், ஆகவே அதற்கு இந்த விசாரணை எதுவும் வேண்டாம். இதை எதிர்த்துச் செனட்டர் ஜோ மான்சின் குதிகுதியென்று குதித்தார். ஒன்றும் நடக்கவில்லை. வணிகர் நீங்கள், சலுகை உங்களுக்கு. அதை வாடிக்கையாளருக்குக் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. கொடுப்பது உங்கள் பெருந்தன்மை.

உங்கள் பெருந்தன்மையின் அளவு 5,500. மீதி 2,000 எங்கே என்று மூன்று முறை போனில் கேட்டேன். மூன்று முறையும் இசை போட்டீர்கள். அந்த இசை இப்போது எனக்கு மனப்பாடம். என் மகன் அதைக் கீபோர்டில் வாசிக்கிறான்.

ஆனாலும் உங்கள் மேல் எனக்கு ஒரு சின்ன இரக்கம் உண்டு. நான் கையெழுத்துப் போட்ட மறுமாதம், 2023 ஜூலை 17 அன்று, ஃபோர்டு விலையைக் குறைத்தது. என் வண்டி மாதிரி 63,474-லிருந்து 54,995-க்கு இறங்கியது. 2021-இல் இந்த வண்டியை அறிமுகம் செய்தபோது தொடக்க விலை 39,974 என்றார்கள். பிறகு அந்தத் தொடக்க விலையை ஏற்று ஏற்று என்று ஏற்றி 59,974 வரை கொண்டுபோனார்கள். அந்த உச்சியில் நான் சரியாகப் போய் நின்றேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. பிறகு ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். மூன்று வருடம் கழித்து இந்த வண்டி 38,400 பெறும் என்று எழுதியிருப்பது யார்? நீங்கள். பெறாவிட்டால் யாருக்கு நட்டம்? ஒரு பெரிய டம்ளர் மோர் குடித்துவிட்டுப் படுத்தேன்.

வண்டியின் நிலை பற்றிக் கேட்டிருந்தீர்கள். இது பிக்கப். பின்னால் இருக்கும் தொட்டி மண், செங்கல், மரம் ஏற்றுவதற்காகச் செய்தது. ஆனால் தொட்டியில் கீறல் விழக் கூடாது என்பது உங்கள் நிபந்தனை. காளையை வாங்கி ஏரில் பூட்டாமல் குளிப்பாட்டி வைத்திருந்த மாதிரி மூன்று வருடம் வைத்திருந்தேன். வாழைக் கன்று நான்கு வாங்கி வந்ததற்கே அடியில் பழைய ஜமக்காளம் விரித்தேன்.

முன்பக்கம் மட்டும் ஒரு சம்பவம் நடந்துவிட்டது. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் இந்த வண்டிக்கு ஒரு பெரிய பெட்டி இருக்கிறதல்லவா, பொங்கல் விழாவுக்கு அதில் ஒரு வாளி சாம்பார் வைத்துக் கொண்டுபோனேன். நெடுஞ்சாலை இறக்கத்தில் முன்னால் போனவர் பிரேக் போட்டார். பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஓர் அடைப்பான் வைத்திருக்கும் பொறியாளர் நீடூழி வாழ்க. திறந்துவிட்டேன், முருங்கைக்காய் தவிர எல்லாம் வடிந்துவிட்டது. மஞ்சள் கறை மட்டும் போகவில்லை. உங்கள் அட்டையை வைத்துப் பார்த்தேன். அட்டையைப் போல நான்கு மடங்கு இருக்கிறது. எங்கள் வழக்கத்தில் புதுப் பொருளுக்கு மஞ்சள் தடவுவது மங்கலம். உங்கள் பரிசோதகர் அதைச் சேதம் என்று எழுதும் முன் ஒரு வார்த்தை கலந்து பேசுங்கள்.

டிரெய்லர் இழுத்த கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். முழு சார்ஜில் 240 மைல் ஓடும் வண்டி, பின்னால் டிரெய்லரைக் கட்டினால் பாதிதான் ஓடும். எல்லா மின்சாரப் பிக்கப்புக்கும் இதே சாபம். ஒரு விசேஷத்துக்கு டிரெய்லரோடு ஆஸ்டினுக்குக் கிளம்பினேன், இங்கிருந்து 160 மைலுக்கு மேல். நடுவழியில் சார்ஜ் போட நின்றால், டிரெய்லரோடு நுழைய இடமில்லை. கழற்றி ஓரமாக நிறுத்தி, சார்ஜ் போட்டு, மறுபடி மாட்டி... போய்ச் சேர்ந்தபோது விசேஷ வீட்டில் மோருக்கு வந்துவிட்டார்கள்.

ஓட்டும் செலவு குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். நூறு மைலுக்கு ஏறக்குறைய 48 யூனிட். என் வீட்டுக் கட்டணத்தில் 7 டாலருக்குள். அதே தூரத்துக்குப் பெட்ரோல் பிக்கப் 15 டாலர் குடித்திருக்கும். ஆயில் மாற்றும் வேலையும் இல்லை. மூன்று வருடத்தில் 21,000 மைல் ஓட்டியதில் 1,680 டாலர் மிச்சம். அதைப் பார்த்து அரசுக்குக் கண் உறுத்தியிருக்கிறது. மின்வண்டிக்காரன் பெட்ரோல் வரி கட்டுவதில்லை என்று 2023 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 200 டாலர் தனிக் கட்டணம் போட்டார்கள். டெக்சஸில் பெட்ரோல் வரி கேலனுக்கு 20 சென்ட், 1991-லிருந்து அப்படியேதான் இருக்கிறது. 200 டாலர் வரி கட்ட வேண்டுமானால் ஒருவர் ஆயிரம் கேலன் போட வேண்டும். பெட்ரோல் பிக்கப்பில் அது 20,000 மைல். நீங்களோ ஆண்டுக்கு 10,000 மைலுக்கு மேல் போனால் மைலுக்கு 25 சென்ட் என்று கழுத்தில் கயிறு கட்டியிருக்கிறீர்கள். ஓடாதே என்று நீங்கள் பிடிக்கிறீர்கள், ஓடியதாக வைத்துக்கொள் என்று அவர்கள் வரி கேட்கிறார்கள். நடுவில் வண்டி வாசலில் நிற்கிறது.

அப்படி வாசலில் நின்றபோதுதான் அது செய்ததிலேயே பெரிய வேலையைச் செய்தது.

2024 ஜூலை 8, திங்கட்கிழமை. பெரில் புயல் விடியற்காலையில் கரையேறி ஹூஸ்டன் வட்டாரத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரத்தைக் கொண்டுபோனது. மழை விட்டதும் வெயில் வந்தது. ஹூஸ்டன் ஜூலை வெயில் தெரியுமல்லவா, துணியை நனைத்துப் போர்த்திக்கொண்டது போல இருக்கும். வண்டியில் 98 யூனிட் பேட்டரி நிரம்பி இருந்தது. ஊரில் அப்போது வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு அரசு இலவசமாகத் தந்த மின்சாரமே நூறு யூனிட்தான். முன்பெட்டியில் நான்கு பிளக் ஓட்டைகள். ஒன்றிலிருந்து சமையலறை ஜன்னல் வழியாக எங்கள் பிரிட்ஜுக்கு ஒயர். ஒன்று சாலையைக் கடந்து, இன்சுலின் வைத்திருந்த எதிர்வீட்டுத் தாத்தாவின் பிரிட்ஜுக்கு. மூன்றாவதில் ஃபேன். நான்காவதில் என் மனைவி, என்னைக் கேட்காமலே, கிரைண்டரை மாட்டிவிட்டார். ஊறப்போட்ட அரிசியைப் புயலுக்காகவெல்லாம் கொட்ட முடியாது என்பது அவர் கட்சி.

தெரு முழுக்க இருட்டு. எங்கள் வண்டியின் மூக்கு திறந்திருக்கிறது. உள்ளே இருந்து வெளிச்சம், பக்கத்தில் கிரைண்டர் கல் சுற்றும் கடகட. அந்தச் சத்தத்தைக் கேட்டு என்னவோ ஏதோவென்று டார்ச்சோடு நான்கு வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டு நின்றார்கள். மறுநாள் காலை அந்த நான்கு வீட்டுக்கும் இட்லி போனது. மூன்றாம் நாள் கரண்ட் வந்தபோது பேட்டரியில் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை.

வண்டியை வாகனமாக அல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஏதோ ஒரு பத்தி இருக்கிறது. எனவே இதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளலாம். உங்கள் சொத்தில் நான்கு படி அரிசி அரைத்திருக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். 30,000 மைலுக்குப் பணம் கட்டி 21,000 ஓட்டியிருக்கிறேன். மீதி 9,000 மைலுக்கு ஏதாவது திரும்பக் கிடைக்குமா என்று கேட்டதற்கு உங்கள் அலுவலர், அப்படி ஒரு கேள்வியே வந்ததில்லை என்பது போல அமைதியானார். விட மனமில்லை. ஹூஸ்டனைச் சுற்றிவரும் பெல்ட்வே 8 சாலை ஒரு சுற்றுக்கு 88 மைல். நூற்றிரண்டு பிரதட்சணம் செய்தால் கணக்கு நேராகிவிடும். இங்கே பியர்லேண்டில் இருக்கும் மீனாட்சி கோயிலைக்கூட நான் அத்தனை தடவை சுற்றியதில்லை. சுங்கக் கட்டணத்தை நினைத்து விட்டுவிட்டேன்.

கடைசியாக, உங்கள் அரிய வாய்ப்பு. இதே வயது, இதே ஓட்டமுள்ள வண்டிக்கு இங்கே ஒரு டீலர் 30,000-க்கு மேல் வாய் திறக்கவில்லை. மின்வண்டிக்கான அந்த 7,500 டாலர் சலுகையும் 2025 செப்டம்பர் 30-ஓடு போய்விட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஃபோர்டே முழு மின்சார லைட்னிங்கை நிறுத்துவதாகச் சொல்லிவிட்டது. அடுத்து வருவதில் பேட்டரியோடு பெட்ரோலில் ஓடும் ஜெனரேட்டரும் இருக்குமாம். என் தெருவுக்கே ஜெனரேட்டராக நின்ற வண்டிக்கு ஜெனரேட்டர்! இந்த நிலையில் 38,400 கேட்டு 'நேசிக்கும் வண்டி' என்று எழுத உங்களுக்குக் கை கூசவில்லை. நேசிக்கிறேன்தான். ஆனால் 8,400 டாலருக்கு நேசிக்கவில்லை. ஜூனில் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் சிரமத்துக்காக நீங்கள் கேட்டிருக்கும் 495 டாலரையும் தந்துவிடுகிறேன்.

ஓர் உதவி மட்டும் வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா பேசினார். "ஜூன்ல லீஸ் முடியுதுல்ல? பணம் கைக்கு வந்ததும் மாடியில ஒரு ரூம் எடுத்துருவோம்ப்பா. கொத்தனார்ட்ட பேசிட்டேன், ஆடிக்கு முன்னாடி ஆரம்பிக்கணும்ங்கறார்."

உங்கள் வாடிக்கையாளர் சேவை எண் 24 மணி நேரமும் இயங்குவதாகக் கடிதத்தின் அடியில் போட்டிருக்கிறீர்கள். அங்கே தமிழ் தெரிந்தவர் யாராவது இருந்தால் மதுரைக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள். நம்பர் நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஜூன் வரை உங்கள் வாடிக்கையாளர்