போகியும் பரணும்

மார்கழியின் கடைசி நாளாகிய போகியன்று பழம்பொருள்களுக்கு விடைகொடுத்தல் சம்பிரதாயம். ஆயினும் நம் இல்லங்களில் அன்று பரணிலிருந்து சகல மரியாதைகளுடன் இறக்கப்படும் அடி ஓட்டையான பித்தளை அண்டாவும், மூடி தொலைந்த கூஜாவும், திரியற்ற மண்ணெண்ணெய் ஸ்டவ்வும், தூசி தட்டப்பெற்று, ‘என்றைக்காவது உதவும்’ என்ற தீர்ப்புடன் சாயங்காலத்துக்குள் பூர்வ ஸ்தானத்தை அடைந்துவிடுகின்றன. அக்கினிக்கு ஆகுதியாவன கிழிந்த பாயும் தேய்ந்த துடைப்பமுந்தான். (அந்தப் புகை பனியோடு கலந்து சென்னையில் விமானங்களையே தாமதப்படுத்தியதுண்டு என்பது வேறு விஷயம்.) பழம்புடைவைகளையாவது கழிப்போமென்று தெருவில் போகும் பாத்திரக்காரியை அழைத்தால், ஜரிகைக் கரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, நெடுநேரம் பேரம் பேசி அவள் மூட்டையுடன் போகிறாள், நம்மிடம் புதிதாக ஓர் எவர்சில்வர் தூக்கு மிஞ்சுகிறது. அதற்கும் பரணில் இடம் பார்த்தாயிற்று.