அத்தை கூப்புட்டா எடுத்துராத கண்ணு

ஏங்கண்ணு, உங்கத்தை மூணு தரம் கூப்புட்டும் நீ போனை எடுக்கலையாமா? என்ர கிட்ட வந்து மொறையிட்டா. நான் உன்ர பக்கந்தான் பேசுனேன். "பையன் செய்யறது சரிதான். ஒறம்பரை கூப்புட்டா எடுக்கப்படாது. அரை மணி கழிச்சு 'என்ன?'ன்னு ஒத்தைச் சொல்லு எழுதி உடோணும். நீ கண்ணாடியத் தேடிப் படிக்கறக்குள்ள அவன் வேற சோலிக்குப் போயிரோணும். அதுதான் இன்னைக்கு மருவாதி"ன்னு சொல்லிப்போட்டேன்.

நாங்கெல்லாம் நாகரிகந் தெரியாத சனம். அப்ப ஊருக்கே ஒரு போனு, மளிகைக்கடைக்காரரு ஊட்டுல. கலியாணப் பத்திரிகைல அவரு நம்பரைப் போட்டு, பக்கத்துல 'பி.பி.'ன்னு அச்சடிச்சுக்குவோம். போனு அடுத்தவன் ஊட்டுது, ஆளு போயிக் கூட்டியாற மட்டும் பொறுங்கன்னு கணக்கு. கடைக்காரப் பையன் தெருமுக்குல நின்னு, "அப்பத்தாவுக்கு மெட்ராஸ்ல இருந்து போனு!"ன்னு கத்துவான். உங்கப்பத்தா பொடக்காளில கையைக் கழுவிப்போட்டு ஓடுவா. அவளுக்கு முந்தி தெருவுல பாதி அங்க போயி நிக்கும். இவ ரெண்டு வார்த்தை பேசுனா, பின்னால இருந்து "எருமை கன்னு போட்டதைச் சொல்லு", "பணத்துக்கு என்ன வழின்னு கேளு"ன்னு எடுத்துக் குடுக்கறதுக்கு ஆளு. ரகசியம்னா என்னன்னே தெரியாம எங்க காலம் போயிருச்சு பாரு, பாவம்!

வெளியூருக்குப் பேசற டிரங்க் கால் கேட்டிருக்கறயா? காலைல பதிஞ்சா பொழுது சாயற மட்டும் பெஞ்சுல உக்காந்திருக்கோணும். அவசரம்னா 'அர்ஜென்ட்', அதுக்கு ரெண்டு பங்கு காசு. 'லைட்னிங்'னு ஒண்ணு, எட்டுப் பங்கு! எழவு உழுந்த ஊட்டுக்காரங்கூட அதைச் சொல்றதுக்கு முன்னால ஒருக்கா ரோசனை பண்ணுவான். மூணு நிமிசம் ஆச்சுன்னா எக்சேஞ்சுல இருந்து குரல் உள்ள பூந்துரும். அதனால சேதிய மொதல்லயே சொல்லிப்போட்டு, மிச்சமிருந்தா சொகம் விசாரிப்போம்.

அப்பறம் எஸ்.டி.டி. பூத் வந்துச்சு. ராத்திரி 11 மணிக்கு மேல கால்வாசிக் காசுதான்னு, பொண்ணைத் தூரத்துல குடுத்தவங்கெல்லாம் தூங்காம வரிசைல நிப்பாங்க. பேச்சு வாயில, கண்ணு மீட்டர்ல.

நம்மூட்டுக்குப் போனு வந்தப்ப நான் டயல்ல சின்னப் பூட்டு ஒண்ணு போட்டேன். பில்லு ஏறப்படாதுன்னு சாவிய அரைஞாண் கயித்துலயே கட்டியிருந்தேன். அப்படியும் பில்லு ஏறுச்சு. பாத்தா, உங்கப்பன் ரிசீவர் வெக்கற கட்டையைத் தட்டித் தட்டியே நம்பரைப் போட்டிருக்கறான். அஞ்சுக்கு அஞ்சு தட்டு, சைபருக்குப் பத்து. பரீட்சைல கணக்குக்கு மார்க் வாங்காதவன், இதுல ஒரு தட்டுப் பிசகலை. இன்னைக்கு உன்னய "எப்பப் பாத்தாலும் போனா?"ன்னு வையறானல்ல, அந்தத் தட்டு யாரு ஊட்டுக்குன்னு அவனக் கேட்டுப் பாரு. உங்கம்மா இல்லாதப்பக் கேளு.

1995ல கல்கத்தாவுல இருந்து அந்த மாநில முதலமைச்சரு ஜோதிபாசு டெல்லி மந்திரிகிட்ட நாட்டுலயே மொதமொதல்ல செல்போன்ல பேசுனாரு. அப்ப நிமிசத்துக்கு 16 ரூவா வரைக்கும் போச்சு, அடுத்தவன் கூப்புட்டாலும் நம்ம காசுதான். 2003ல வர்ற காலு இலவசமானதும் சனம் மிஸ்டு காலைக் கண்டுபுடிச்சுது. ஒரு மணி அடிச்சா பஸ் ஏறியாச்சு, ரெண்டு அடிச்சா வண்டியக் கொண்டா. எடுத்துத் தொலைச்சா அன்னைக்கு ஊட்டுல சண்டை.

இப்ப அன்லிமிட்டெடு. நம்மூட்டுல ஆளுக்கொண்ணு இருக்குது, பேசத்தான் ஆளில்லை. சொந்தக்காரனுக்கு எடுக்க மாட்டீங்க. ஆனா முன்னப்பின்ன தெரியாதவன் வீடியோவுல காக்கிச்சட்டை மாட்டிட்டு வந்து, "உன்ர பேருல பார்சல்ல கஞ்சா வந்திருக்குது, டிஜிட்டல் அரெஸ்ட், எந்திரிக்கப்படாது"ன்னு சொன்னா, சோறு தண்ணியில்லாம அவன் முன்னால உக்காந்திருக்கறீங்க. படிச்சு உத்தியோகத்துல இருக்கறவங்களே பேங்குப் பணத்தைத் தொடைச்சுக் குடுக்கறாங்க. அப்பிடியொரு அரெஸ்ட்டு சட்டத்துலயே இல்லீன்னு 2024ல பிரதமரே ரேடியோவுல சொல்லியாச்சு. அத்தைக்கு ரெண்டு நிமிசமில்லை, அவனுக்கு நாளு பூராவும்! நல்லா இருக்குது கண்ணு உங்க மருவாதி.

ஒண்ணு செய். கடைக்காரரு காலத்துல கூட்டம் பின்னால நின்னு எடுத்துக் குடுத்துதல்ல, அந்த மாதிரி ஒருத்தனுக்காவது உன்ர பேச்சு கேக்கட்டும். காக்கிச்சட்டைக்காரன் வந்தா ஒலியப் பெருசா வெச்சு என்னயக் கூப்புடு, நான் ரெண்டு வார்த்தை பேசிக்கறேன். காசு போயிருச்சுன்னா மொதல்ல 1930க்கு அடி, அதுதான் சைபர் குற்றத்துக்கு அரசாங்கம் குடுத்த நம்பர். அப்பறமா அத்தைக்கு அடி.