உயிரைக் கொடுக்கிறேன் என்கிறாரே! பகடை மேசைக் கேள்வி-பதில்

கே: எங்கள் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' குழுவில் ஒரு பாலடின் (சபதமேற்ற வீரர்) இருக்கிறார். ஓர்க் வந்தாலும் சரி, ஓநாய் வந்தாலும் சரி, "நீங்க ஓடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று தனியாக நின்றுவிடுகிறார். ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரான நான் இவரை எப்படிச் சமாளிப்பது?

ப: சமாளிக்க வேண்டாம், அவரிடமே கேளுங்கள். ஆட்டம் இல்லாத ஒரு நாளில், மற்றவர்கள் பக்கத்தில் இல்லாதபோது, "உன் பாத்திரம் சாகணும்னு ஆசைப்படறியா?" என்று நேரடியாகவே கேளுங்கள். பாத்திரம் அலுத்துவிட்டது, கௌரவமாக வெளியேற வழி தேடுகிறார் என்றால் அந்த வழியைச் செய்து கொடுங்கள். ஓநாய் வாயில் முடிய வேண்டாம், கதையின் பெரிய எதிரி முன்னால் முடியட்டும். சாக ஆசையில்லை, காப்பவனாக இருக்கத்தான் ஆசை என்றால், அவருக்குக் காக்க ஏதாவது கொடுங்கள். பூட்ட முடியாத ஒரு கோட்டைக் கதவோ, ஊர்ச்சனம் கடந்து முடிக்கும்வரை விடக்கூடாத ஒரு பாலமோ போதும். அது கிடைத்துவிட்டால் ஓநாய்க்கெல்லாம் உயிரைக் கொடுக்க மாட்டார்.

கே: எத்தனை முறை விழுந்தாலும் சாகமாட்டேன் என்கிறாரே?

ப: ஐந்தாம் பதிப்பின் விதி அப்படி. ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப் புள்ளி, பூஜ்யமானால் மயக்கம்தான். அதன்பின் ஒவ்வொரு முறையும் 20 பக்கப் பகடையை உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி, குறைந்தால் தோல்வி. மூன்று வெற்றி சேர்ந்தால் உயிர் நிலைக்கும், மூன்று தோல்வி சேர்ந்தால் சாவு. 1 விழுந்தால் இரண்டு தோல்வி, 20 விழுந்தால் ஒரு ஹிட் பாயின்ட்டோடு கண் விழிக்கலாம். உதவிக்கு யாருமே வராவிட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 60. கிளெரிக் 60 அடி தூரத்திலிருந்து 'ஹீலிங் வேர்ட்' என்ற குணமாக்கும் மந்திரத்தைச் சொன்னால் உடனே எழுந்துவிடுவார்.

ஆகவே இந்தப் பதிப்பில் விழுவது வேறு, உயிரைக் கொடுப்பது வேறு. புத்தியுள்ள எதிரி, விழுந்தவரை விட்டுவிட்டுப் போகமாட்டான். மயங்கிக் கிடப்பவரை ஒட்டி நின்று வெட்டினால், பட்ட வெட்டு கிரிட்டிகல்; அது ஒன்றே இரண்டு தோல்விக்குச் சமம். அதைச் செய்யும் எதிரியைக் கொண்டுவரப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே அவன் குணத்தைக் காட்டிவிடுங்கள். வேறொரு ஆளைக் கீழே தள்ளி அவன் முடித்து வைப்பதைக் குழு பார்த்திருக்க வேண்டும். பிறகு யார் அவன் எதிரே நின்றாலும், தெரிந்தே நிற்கிறார்.

கே: சாகாமலே தியாகம் செய்ய விதிகளில் இடம் இருக்கிறதா?

ப: தாராளமாக இருக்கிறது, மிக அழகாகவும் இருக்கிறது. கேடயத்தை நீட்டிப் பக்கத்தில் நிற்பவருக்கு வரும் அடியைத் தடுமாற வைக்கலாம். 2017இல் வந்த 'ஸானதார்ஸ் கைடு' புத்தகத்தில் உள்ள ரிடெம்ப்ஷன் பாலடின், ஏழாம் லெவலில் 10 அடிக்குள் இருக்கும் தோழருக்கு விழும் அடியைத் தானே வாங்கிக்கொள்ளலாம்.

எனக்கு மிகப் பிடித்தது 'வார்டிங் பாண்ட்' மந்திரம். தலா 50 பொன் மதிப்புள்ள பிளாட்டின மோதிரங்கள் இரண்டு. கிளெரிக் ஒன்றும் தோழர் ஒன்றும் அணிகிறார்கள். தோழருக்கு அடி பாதியாகக் குறைகிறது. அவர் வாங்கும் அதே அளவு கிளெரிக்குக்கும் இறங்குகிறது. மேசையில் இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். ஐந்தாம் லெவல் கிளெரிக், 38 ஹிட் பாயின்ட். மோதிரம் அணிந்த போர்வீரர் பக்கத்திலேயே நிற்கிறார். எதிரி 'ஃபயர்பால்' வீசுகிறான். பகடையில் சராசரியாக 28 வருகிறது, இருவருமே தப்பவில்லை. போர்வீரருக்குப் பாதி, 14. கிளெரிக்குக்குத் தன் பங்கு 28, மோதிரம் வழியாக இன்னொரு 14, ஆக 42. கிளெரிக் சாய்கிறார், அந்த நொடியே மந்திரமும் அறுகிறது. போர்வீரர் நிற்கிறார். இதில் யாரும் வசனம் பேசவில்லை. கூட்டல் கணக்கிலேயே அன்பு தெரிந்துவிடுகிறது. உங்கள் பாலடின் நண்பரின் குழுவில் ஒரு கிளெரிக் இருந்தால், இந்த மந்திரத்தை அவர் மேலேயே போடச் சொல்லுங்கள். தன் உடம்பில் படும் அடி இன்னொருவருக்கும் வலிக்கும் என்று தெரிந்தால் முன்னால் பாய்வதற்கு முன் யோசிப்பார்.

கே: உயிரைக் கொடுக்கத் துணிந்தவரை, திரைக்குப் பின்னால் பகடையை மாற்றிச் சொல்லிக் காப்பாற்றலாமா?

ப: கூடாது. அவர் கொடுத்ததை நீங்கள் பிடுங்கிக்கொள்வதாகும் அது.

கே: "என் பாத்திரத்தின் குணம் இதுதான்" என்று சொல்லி, ஒருவர் இன்னொருவரின் பாத்திரத்தைப் பலி கொடுக்கிறார்.

ப: அது கொலை. அந்தப் பாத்திரத்துக்கு உரியவர் வாய் திறந்து சம்மதம் சொல்லும்வரை ஆட்டத்தை நிறுத்துங்கள்.

கே: போன வாரம் என் விஸர்டை 'ஸ்டாஃப் ஆஃப் பவர்' கோலை முறிக்க வைத்து, டிராகனோடு சேர்ந்து சாகத் துணிந்தேன். ஆனால் டன்ஜன் மாஸ்டர் பகடை உருட்டி, நான் வேறொரு உலகத்துக்குப் போய்விட்டதாகச் சொல்லிவிட்டார். ஏமாற்றமாக இருக்கிறது.

ப: அவர் விதிப்படிதான் நடந்திருக்கிறார். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்தக் கோலை முறிப்பவருக்கு 50 சதவீதம் வாய்ப்பு, வெடிக்கும் முன்பே ஏதோ ஓர் உலகத்துக்குத் தூக்கி எறியப்படுவதற்கு. எறியப்படாவிட்டால் கோலில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு சார்ஜுக்கும் 16 வீதம் அடி. 20 சார்ஜ் இருந்தால் 320. ஏமாற வேண்டாம். முறிக்கும்போது எது விழும் என்று உங்களுக்குத் தெரியாது, சாவென்றாலும் சரி என்றுதான் முறித்தீர்கள். அந்தத் துணிச்சலை யாரும் உங்களிடமிருந்து எடுக்கவில்லை. இனி உங்கள் தோழர்கள் உங்களைத் தேடி வரட்டும்.

கே: செத்த பாத்திரத்தைக் கண்ணீர் விட்டு வழியனுப்பினோம். அடுத்த வாரமே 'ரெய்ஸ் டெட்' போட்டு எழுப்பிவிட்டார்கள். அத்தனை அழுகையும் வீண்தானா?

ப: கேம்பெய்ன் என்னும் தொடர் ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்திருக்க வேண்டிய விஷயம் இது. எழுப்பும் மந்திரங்களில், 'ரிவைவிஃபை'க்குச் செத்ததிலிருந்து ஒரு நிமிட அவகாசம்தான், 300 பொன் வைரமும் வேண்டும். 'ரெய்ஸ் டெட்'டுக்குப் பத்து நாளும் 500 பொன் வைரமும். உங்கள் உலகத்தில் வைரம் கடைக்குக் கடை கிடைக்குமா, அதற்காக ஒரு பயணமே போக வேண்டுமா என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சாவு நடந்த பிறகு வைரத்தை ஒளித்து வைப்பது நியாயமில்லை.

விதியில் எல்லோரும் தாண்டிப் போகும் ஒரு நிபந்தனை உண்டு: ஆன்மா திரும்பி வரச் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தைச் சொல்ல வேண்டியவர் ஆட்டக்காரர். மந்திரம் முடிந்ததும் அவர் பக்கம் திரும்பி, "கூப்பிடுகிறார்கள். வருகிறாயா?" என்று கேளுங்கள். வரமாட்டேன் என்றால் மேசையே அமைதியாகிவிடும். வருகிறேன் என்றால், எதற்காக என்று அவர் சொல்லட்டும். இரண்டில் எது நடந்தாலும் அழுகை வீணாகாது.

கே: கதைகளில் உயிர்த்தியாகத்தை நன்றாகச் செய்தவர் யார்?

ப: ஸ்டர்ம் பிரைட்பிளேட். டிராகன்லான்ஸ் வரிசையில் மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் எழுதிய 'டிராகன்ஸ் ஆஃப் வின்டர் நைட்', 1985. கோட்டை மதிலில் தன்னந்தனியாக நிற்கிறான். அவன் வாங்கித் தருவது நேரம்; அந்த நேரத்தில்தான் அவன் தோழி லாரானா, டிராகன் ஆர்ப் என்ற மந்திரக் கோளத்தைப் பயன்படுத்தத் தயாராகிறாள். உயிர் போனதால் என்ன கிடைத்தது என்று வாசகன் தேட வேண்டியதே இல்லை. உங்கள் மேசையிலும் இதைக் கேட்டுப் பழகுங்கள்: "நீ நின்றால் அவர்களுக்கு எத்தனை சுற்று கிடைக்கும்? அதில் அவர்கள் என்ன செய்வார்கள்?" பதில் இல்லாத இடத்தில், ஓடச் சொல்லுங்கள்.

கே: மற்ற ஆட்டங்களில் உயிர்த்தியாகத்துக்குத் தனி விதி உண்டா?

ப: 'டிரெட்' திகில் ஆட்டத்தில் பகடையே கிடையாது, ஜெங்கா கோபுரம்தான். கட்டை உருவும்போது கோபுரம் சரிந்தால் உங்கள் பாத்திரம் காலி. ஆனால் நீங்களே வேண்டுமென்று தட்டிவிட்டால், பாத்திரம் நினைத்ததைச் சாதித்துவிட்டுப் போகும். கை கோபுரத்தை நோக்கிப் போகும்போதே எல்லோருக்கும் புரிந்துவிடும்.

இத்தாலியர் எமானுவேலே கலெட்டோவின் 'ஃபாபுலா அல்டிமா' இன்னும் தெளிவு. அங்கே பூஜ்யத்துக்கு வந்தவர் சரணடையலாம், அல்லது உயிரைக் கொடுத்து நடக்கவே முடியாத ஒன்றை நடத்திக் காட்டலாம். ஆனால் மூன்றில் இரண்டு நிபந்தனையாவது பொருந்த வேண்டும்: வில்லன் அங்கே இருக்க வேண்டும், பாசப் பிணைப்புள்ள ஒருவருக்காகச் செய்ய வேண்டும், இதனால் உலகம் நல்லதாகும் என்று நம்ப வேண்டும். உங்கள் பாலடினின் ஓநாய் இதில் ஒன்றையும் தாண்டாது. எந்த ஆட்டம் ஆடினாலும் இந்த மூன்றையும் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்பேன்.

கே: ஒரு நண்பர் கொண்டுவரும் பாத்திரமெல்லாம் சாகத் துடிக்கிறது. பார்க்கவே கவலையாக இருக்கிறது.

ப: அப்படியானால் பாத்திரத்தை மறந்துவிட்டு நண்பரைப் பாருங்கள். ஆட்டத்தை வைத்து அவர் மனதை நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள், டீ குடிக்கக் கூப்பிட்டு "எப்படி இருக்க?" என்று கேட்டு, பதிலை முழுசாகக் கேளுங்கள். கஷ்டத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால் உதவி தேடுவதில் கூட நில்லுங்கள். கேம்பெய்ன் காத்திருக்கும்.

கே: ஒருவர் வீரமரணம் அடைந்தால் மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் கூட்டமாகிவிடுகிறார்களே?

ப: அந்தச் சுற்றிலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு செயல் கொடுங்கள்: யார் கையைப் பிடித்து இழுக்கிறார், யார் வாளை எடுக்கிறார், யார் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறார். அடுத்த ஆட்டத்தில் முதல் அரை மணி நேரத்தை அவர்களிடமே விடுங்கள். நடுகல் நடுவதா, வீட்டாருக்குச் சேதி சொல்வதா, எதிரியைத் தேடிப் போவதா என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

கே: உயிரைக் கொடுத்தவரின் புதுப் பாத்திரம் முதல் லெவலிலிருந்து தொடங்க வேண்டுமா?

ப: வேண்டவே வேண்டாம். குழு ஏழாம் லெவல் என்றால் அவரும் ஏழு. அன்றைக்கே, முடிந்தால் அதே ஆட்டத்துக்குள் உள்ளே வரட்டும். அடுத்த சிறைக்கூடத்தில் கட்டுண்டு கிடப்பவர் யார் என்று இன்னும் முடிவு செய்யவில்லை அல்லவா? அவர்தான்.