பிரம்படியும் சாட்டையடியும்

தவக்காலம் தொடங்கினால் தீவுப்பகுதிக் கடிதங்களில் மெல் கிப்சன் வந்துவிடுவார். யேசுவின் பாடுகளைப் பற்றி அவர் எடுத்த ‘த பாஷன் ஒஃப் த கிறைஸ்ட்’ வெளிவந்தது 2004 விபூதிப் புதனன்று. இத்தனை வருடமாகியும் சண்டை ஓயவில்லை. இந்த முறை அந்தக் கேள்விகள் மட்டும்.

பெரிய வெள்ளிக்கு மண்டபத்தில் அந்தப் படத்தைப் போட்டால் பாதிப்பேர் அழுகிறார்கள், பாதிப்பேர் எழும்பிப் போகிறார்கள். யார் செய்வது சரி?
– ஊர்காவற்றுறை வாசகர்

எழும்பியவர் அழுபவரைப் பார்த்து ‘நடிப்பு’ என்று சொல்லாதவரைக்கும், அழுபவர் எழும்பியவரைப் பார்த்து ‘விசுவாசம் போதாது’ என்று சொல்லாதவரைக்கும் இரண்டு பேரும் சரி. எனக்குப் பயம் மூன்றாவது ஆளில்தான். மடியில் கச்சான் சரையோடு இருந்து, “பொறு, இனித்தான் முக்கியமான இடம் வருது” என்று பக்கத்துக் கதிரைக்குச் சொல்பவர்.

சுவிசேஷத்தில் உள்ளதைத்தானே காட்டினார்? அதைக் குறை சொல்லலாமா?
– நாரந்தனை வாசகர்

பைபிளை எடுத்துப் பாருங்கள் ஐயா. சாட்டையடி பற்றி மத்தேயுவும் மாற்குவும் யோவானும் ஆளுக்கு ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. லூக்காவில் பிலாத்து ‘தண்டித்து விட்டுவிடுகிறேன்’ என்று சொல்வதோடு சரி. அந்த ஒரு வரியைக் கிப்சன் ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு இழுத்தார். மிச்சத்தில் ஒரு பங்கு, ஜெர்மன் கன்னியாஸ்திரி அன்னா கத்தரீனா எம்மெரிக் கண்ட காட்சிகளில் இருந்து வந்தது. அடி முடிந்ததும் பிலாத்துவின் மனைவி மாதாவிடம் துணி கொடுக்கும் இடம் அப்படிப்பட்டதுதான். எம்மெரிக் சொன்னதைக் கவிஞர் பிரெந்தானோ எழுதி 1833இல் புத்தகமாக்கினார். படம் வந்த அதே வருடம் ஒக்டோபரில் எம்மெரிக்குக்கு முத்திப்பேறு பட்டமும் கிடைத்தது.

கூட்டிச் சொன்னதற்காகக் கோபிக்கவும் முடியாது. சிலுவைப்பாதையின் 6ஆம் தலத்தில் வரும் வெரோனிக்காவும் சுவிசேஷத்தில் இல்லை. ஆனால் எதைக் கூட்டினார்கள் என்று பாருங்கள். நம்முடைய முன்னோர் முகம் துடைக்க ஒரு துணியைக் கூட்டினார்கள். கிப்சன் சதையைப் பிய்க்கிற சாட்டையைக் கூட்டினார்.

நான் சைவம், வீடு நாகபூசணி அம்மன் கோவிலடி. படத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். வீட்டில் பகிடி பண்ணுகிறார்கள்.
– நயினாதீவு வாசகி

பகிடி பண்ணுகிறவர்களிடம் சிறுத்தொண்டர் கதையைக் கேளுங்கள் தங்கச்சி. பெற்ற பிள்ளையை அரிந்து கறி சமைத்த கதை. அதைக் கோவில் மண்டபத்தில் புராணபடனத்தில் ஒருவர் இராகத்தோடு படிக்க, ஒருவர் பயன் சொல்ல, சம்மணம் கட்டி இருந்து கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. அங்கே கண் கலங்கியவர்களை யாரும் பகிடி பண்ணவில்லையே!

கடவுள் அடி வாங்குவதும் நமக்குப் புதிதில்லை. பிட்டுக்கு மண் சுமக்க வந்த கூலியாளைப் பாண்டியன் பிரம்பால் அடித்தான். ஒரே ஓர் அடி. அது அரசன் முதுகில் பட்டது, அரசி முதுகில் பட்டது, உலகத்து உயிர் எல்லாவற்றின் மேலும் பட்டது என்கிறது திருவிளையாடல். எனக்கும் கிப்சனுக்கும் உள்ள வழக்கு இவ்வளவுதான்: அங்கே ஓர் அடி எல்லாருக்கும் வலித்தது, இங்கே எத்தனையோ அடி, நான் ஒரு கட்டத்தில் எண்ணத் தொடங்கிவிட்டேன். உங்களுக்கு அந்தத் திரையிலேயே பாண்டியன் பிரம்பு பட்டிருக்கிறது. அழுததில் என்ன வெட்கம்?

படம் அரமேய மொழியிலும் லத்தீனிலும். எழுத்து ஆங்கிலத்தில். எங்கள் சனத்துக்கு என்ன விளங்கும்?
– வேலணை வாசகர்

எல்லாம் விளங்கும். வசனம் எழுத்தாகக்கூட ஓடக்கூடாது என்றுதான் கிப்சன் முதலில் நினைத்திருந்தார். கதை தெரியாதவனுக்குத்தான் எழுத்து வேண்டும்.

பெரிய வெள்ளிக்கு வியாகுலப் பிரசங்கம் கேட்டாலே போதும் என்கிறார் அம்மம்மா. பெடியள் படம்தான் வேணும் என்கிறார்கள். தீர்ப்புச் சொல்லுங்கள்.
– கரம்பொன் வாசகர்

முதலில் அம்மம்மாவின் கட்சியைக் கொஞ்சம் பலவீனப்படுத்துகிறேன், பிறகு அவர் பக்கமே சாய்கிறேன். வியாகுலப் பிரசங்கத்தைத் தந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676–1742) கோவாக்காரர். 1705இல் இலங்கைக்கு வந்து தமிழும் சிங்களமும் படித்து இரண்டிலும் நூல்களாக எழுதிக் குவித்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடை செய்திருந்த காலம் அது. அவர் எழுத்தும் இரத்தத்துக்குக் குறைவைக்கவில்லை. காயத்துக்குக் காயம் விவரம் உண்டு. கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? படிப்பவர் வாயில். ஒரு கிழவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு அந்தப் பழைய இராகத்தில் இழுத்துப் படிப்பார். மாதா மகனைக் காணும் இடம் வரும்போது குரல் உடையும். பக்கத்தில் இருப்பவர் ஒன்றும் பேசாமல் புத்தகத்தை வாங்கி அதே இடத்தில் இருந்து தொடர்வார். படத்துக்குக் குரல் உடையாது. அது தன்பாட்டில் 127 நிமிடம் ஓடி முடியும்.

கூத்தும் அப்படித்தான். தீவுப்பகுதித் தென்மோடிக் கூத்துகளில் வேதசாட்சிகள் எத்தனை பேர் கொல்லப்பட்டிருக்கிறார்கள்! விடியும்போது வெட்டுப்பட்டவரும் வெட்டியவரும் அண்ணாவியாரோடு இருந்து ஒன்றாகத் தேத்தண்ணி குடிப்பார்கள். மன்னார் பேசாலையில் பாஸ்கு நாடகத்துக்கு உருவங்களையே நடிக்க வைத்த மரபு உண்டு. யாழ்ப்பாணத்தில் மரிய சேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் பாடுகளின் நாடகத்தைப் பெரும் மேடைக் காட்சியாக வளர்த்தது. கிப்சன் வருமுன்னே நமக்குக் கல்வாரி இருந்தது என்று பெடியளுக்குச் சொல்லுங்கள். அம்மம்மாவுக்கும் ஒன்று சொல்லுங்கள்: புத்தகத்தை அடுத்த முறை பேரனிடம் கொடுக்கட்டும். இராகம் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள்.

சாட்டையடி தொடங்கியதும் அம்மா எழும்பி வெளியே போய்விட்டார். ஒரு பூசை தவறாதவர். எனக்கு மனவருத்தம்.
– நெடுந்தீவு வாசகர்

தம்பி, 1985 மே 15 அன்று அம்மா எங்கே இருந்தார் என்று கேட்டிருக்கிறீர்களா? அன்று நெடுந்தீவில் இருந்து புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, ஏறியவர்கள் பயணிகளை வெட்டியும் குத்தியும் கொன்றார்கள். இறந்தவர்கள் இருபதுக்கு மேல், அதில் பெண்களும் குழந்தைகளும். மாவிலித்துறையில் வருடாவருடம் விளக்கேற்றுகிறார்கள். அல்லைப்பிட்டியில் 2006 ஆகஸ்டில் பிலிப்பு நேரியார் கோவிலுக்குள் தஞ்சம் புகுந்த சனத்தின் மேல் ஷெல் விழுந்தது. இந்தக் கரையில் ஒரு வயதுக்கு மேற்பட்ட ஆட்களுக்கு இரத்தம் எப்படி ஒழுகும் என்று திரையில் காட்டத் தேவையில்லை.

அமெரிக்காவில் இந்தப் படத்தை விமர்சித்தவர்களும் புகழ்ந்தவர்களும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: இவ்வளவு வன்முறையைத் தாங்கள் பார்த்ததில்லை என்று. அம்மாவால் அப்படிச் சொல்ல முடியாமல் இருக்கலாம். அவர் வெளியே போய் என்ன செய்தார் என்று நீங்கள் எழுதவில்லை. செபமாலை கையில் இருந்திருக்கும் என்பது என் ஊகம். அடுத்த முறை நீங்களும் கூடவே எழும்பிப் போங்கள்.

யூதர்கள் இந்தப் படத்தை எதிர்த்தார்களாமே? நமக்கு என்ன?
– புங்குடுதீவு வாசகர்

நமக்கும் இருக்கிறது. ‘இவர் இரத்தப்பழி எங்கள் மேலும் எங்கள் பிள்ளைகள் மேலும்’ என்று மத்தேயுவில் கூட்டம் கத்தும் வரியைப் பிடித்துக்கொண்டுதான் ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் யூதர்களை அடித்தார்கள். படத்தில் அந்த வசனத்தின் ஒலி இருக்கிறது, கீழே ஓடும் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். ஜெர்மனியின் ஒபராமர்கௌ ஊரில் 1634இல் இருந்து நடக்கும் பாடுகளின் நாடகத்தை ஹிட்லர் போய்ப் பார்த்து மெச்சியிருக்கிறார். போருக்குப் பிறகு அந்த ஊரார் நாடகத்தைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டி வந்தது. ஒரு சனத்தின் மேல் மொத்தமாகப் பழி போடக்கூடாது என்று 1965இல் வத்திக்கான் சங்கமே சொல்லிவிட்டது. மொத்தப் பழி என்றால் என்னவென்று தமிழனுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

இதில் பெரிய பகிடி பிலாத்து. அந்தக் காலத்து யூத அறிஞர் ஃபைலோ அவரை இலஞ்சக்காரர், கொடூரர் என்று எழுதிவைத்திருக்கிறார். படத்திலோ தூக்கம் கெட்ட நல்ல மனிதர். ஆணையில் கையொப்பம் வைத்தவர் பாவம், கூட்டம்தான் கெட்டது! அவர் தண்ணீர் வாங்கிக் கை கழுவினார். நம் நாட்டில் அதற்கு விசாரணை ஆணைக்குழு வைப்பார்கள்.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா?
– அனலைதீவு வாசகி

இங்கிலாந்தில் 18 வயதுக்குக் குறைந்தவர்களைத் தியேட்டருக்குள்ளேயே விடவில்லை. ஞாயிறு மறைக்கல்விக்கு வரும் ஏழு வயதுக்காரனுக்கு யேசு கழுதையில் வந்தது போதும்.

சிலுவைப்பாதை செய்வதற்கும் படம் பார்ப்பதற்கும் என்ன வித்தியாசம்?
– நெடுந்தீவு வாசகி

முழங்கால். 14 தலத்திலும் மண்டியிட்டு எழும்ப வேண்டும். கச்சதீவு அந்தோனியார் திருவிழாவின் முதல் நாள் பின்னேரம் போய்ப் பாருங்கள், உங்கள் பங்குக் கோவில்தானே. இராமேசுவரத்துச் சனமும் நம் சனமும் ஒரே சிலுவைக்குப் பின்னால் மணலில் நடக்கும். இழுவைப் படகுச் சண்டைக்கு அந்த இரண்டு நாள் லீவு.

இரத்தம் இல்லாமல் யேசு படம் எடுக்கவே முடியாதா?
– மண்டைதீவு வாசகர்

எடுத்தார்களே. பசோலினி 1964இல் ‘மத்தேயு நற்செய்தி’ எடுத்தார். கடவுள் நம்பிக்கை இல்லாத மார்க்ஸியவாதி. யேசுவாக ஒரு மாணவன், வயதான மாதாவாகச் சொந்தத் தாய். ஆணி அறையும் இடமும் உண்டு, ஆனால் கமெரா அங்கே குடியிருக்கவில்லை. இதில் ஒரு வேடிக்கை: பசோலினி எடுத்ததும் கிப்சன் எடுத்ததும் இத்தாலியின் அதே மத்தேரா ஊரில்தான். ஊருக்கு இருவரும் ஒன்றுதான் போலும். பசோலினி தன் படத்தைப் பாப்பரசர் 23ஆம் யோவானின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். நாத்திகர்கள் சில நேரம் மானத்தை வாங்கிவிடுகிறார்கள்.

கிப்சன் அந்தப் படத்தில் நடித்திருக்கிறாரா?
– ஊர்காவற்றுறை வாசகி

முகம் இல்லை. ஆணியைப் பிடித்துவைக்கும் கை மட்டும் அவருடையது. தானும் அந்தப் பாவத்தில் பங்கு என்று காட்டத்தான் அப்படிச் செய்தாராம். 3 கோடி டொலர் போட்டு 60 கோடிக்கு மேல் அள்ளியதும் அந்தக் கைதான். இயக்குநரை நம்புவதா, கணக்குப்பிள்ளையை நம்புவதா என்பது உங்கள் விருப்பம்.

அடுத்த பாகம் வருகிறதாமே?
– எழுவைதீவு வாசகர்

உயிர்ப்பைப் பற்றிய படம், இரண்டு பாகமாம். முதல் பாகத்தை 2027 பெரிய வெள்ளிக்கே வெளியிடப்போவதாக அறிவித்தார்கள். யேசுவே மூன்றாம் நாள்வரை பொறுத்திருந்தார். விநியோகஸ்தருக்கு அந்தப் பொறுமை இல்லை.