ஜெயிலுக்குப் பக்கத்து வீட்டு ஓட்டு

பதினெட்டு வயசு முடிஞ்சிடுச்சு, ஓட்டுச்சீட்டும் தபால்ல வந்துடுச்சு. அறிவு மட்டும் தனித் தபால்ல வரும்போல, காத்திருப்போம். கோவிச்சுக்காதடா பேராண்டி. உங்கப்பன் இந்த ஊர்க் குடியுரிமைக்கு வருசக்கணக்கா வரிசையில நின்னான். நீ பொறந்ததுக்கே குடுத்துட்டாங்க. நான் உங்களைப் பாத்துட்டுப் போக வந்தவன். எனக்கு இங்க ஓட்டும் இல்ல, காரும் இல்ல. வாய் ஒண்ணுதான் இருக்கு, அதையும் உங்கப்பன் மூடிக்கச் சொல்றான்.

அந்தப் புத்தகத்தை எடு. ஓட்டுப் போடுறவங்களுக்குன்னு கலிஃபோர்னியா சர்க்கார் வீட்டுக்கு வீடு அனுப்புதே, அதுதான். பத்து மொழியில போடுறாங்களாம். இந்தி இருக்கு, தமிழ் இல்ல. ஏழு கடல் தாண்டியும் அந்தச் சண்டை நம்மளை விடல பாரு. சரி, நீ இங்கிலீஷ்ல படி, நான் கேட்டுக்கிறேன்.

சுதந்திரம்னு சொல்லாத வேட்பாளரே இங்க இல்லடா. துப்பாக்கி வெச்சுக்கிறது சுதந்திரம்ங்கிறாரு ஒருத்தரு. கருவைச் சுமக்கிறதும் கலைக்கிறதும் பொம்பளை இஷ்டம், அதுதான் சுதந்திரம்ங்கிறாங்க இன்னொருத்தங்க. பேச்சுரிமைக்கு ரெண்டு கட்சியுமே உசிரைக் குடுக்கும், பேசுறது தன் ஆளா இருந்தா. கேக்கக் கேக்கத் தித்திக்குது. ஆனா சந்தையில மாடு பிடிக்கிறவன் கொம்புல பூசின வர்ணத்தையா பாப்பான்? வாயைத் திறந்து பல்லை எண்ணுவான், கழுத்துல நுகத்தடி பட்ட தழும்பு இருக்கான்னு தடவுவான். வேட்பாளருக்குப் பல்லு எங்க இருக்குன்னு கேளு. முன்னாடி சபையில அவரு போட்ட ஓட்டுல இருக்கு.

2008, நீ பொறந்த வருசம். அதுக்கு முன்னாடியே புஷ் சர்க்கார் கோர்ட்டு உத்தரவு இல்லாம ஜனங்க போனை ஒட்டுக் கேட்டுச்சு, டெலிபோன் கம்பெனிங்க ஒத்தாசை பண்ணுச்சுங்க. அந்தக் கம்பெனிங்க மேல யாரும் வழக்குப் போட முடியாதபடி காப்பாத்த ஒரு மசோதா வந்துச்சு. ஒபாமா கட்சிக்குள்ள போட்டி போட்டுக்கிட்டு இருந்தப்ப, அப்படி ஒண்ணு வந்தா குறுக்க நின்னு மறிப்பாருன்னு அவர் தரப்புல சொன்னாங்க. வேட்பாளர் அவருதான்னு முடிவானப்புறம், ஜூலை 9-ஆம் தேதி செனட்ல 69-க்கு 28-ன்னு மசோதா நிறைவேறிச்சு. அந்த 69-ல அவரும் ஒருத்தர். அவர்கிட்டத் தோத்த ஹிலாரி கிளின்டன் எதிர்த்துப் போட்டாங்க. தோத்தவங்களுக்குக் கொள்கை கொஞ்சம் கூடுதலாவே இருக்கும், கவனிச்சுக்க. எதிர்க்கட்சி வேட்பாளர் மெக்கெய்ன் அன்னிக்கு ஓட்டுப் போடவே வரல.

குவாண்டனாமோ சிறையை மூடுறோம்னு அந்த ரெண்டு பேருமே சொன்னாங்கடா. எதிரெதிரா நின்னவங்க ஒத்துப்போன காரியம் அது. ஒபாமா பதவிக்கு வந்த மூணாம் நாளே, ஒரு வருசத்துல மூடணும்னு கையெழுத்தும் போட்டாரு. உனக்கு மீசையே முளைச்சிடுச்சு, அது இன்னும் தொறந்துதான் கிடக்கு.

டிரம்ப் கட்சிக்காரன் மாதிரி சிரிக்காத. 2018 ஜனவரியில அந்த 2008 சட்டம் குடுத்த ஒட்டுக் கேக்கிற அதிகாரத்துக்கு ஆயுசை நீட்டிக் கையெழுத்துப் போட்டவரு அவருதான். பதவி போய், 2024-ல மறுபடி நிக்கிறப்ப, ஏப்ரல் மாசம் அந்தச் சட்டத்தைக் கொன்னு போடுங்கன்னு எழுதினாரு. அதே வாரம் கீழ்ச்சபையில ஒரு திருத்தம் வந்துச்சு. சேத்து வெச்ச பேச்சுல அமெரிக்கக் குடிமகனோடதைத் துழாவணும்னா வாரண்டு வாங்கணும்னு. 212-க்கு 212. சமமா நின்னா தோத்ததா கணக்கு. பைடன் கையெழுத்துப் போட்டு இன்னும் ரெண்டு வருசம் குடுத்தாரு. சாவி தன் இடுப்புல தொங்கினா அது பாதுகாப்பு, அடுத்தவன் இடுப்புல தொங்கினா அடக்குமுறை. ரெண்டு கட்சியும் அடிச்சுக்கிறது சாவி யார்கிட்ட இருக்கணும்னுதான். பூட்டைக் கழட்டிப் போடுறதைப் பத்தி இல்ல.

பல்லு கெட்டியா இருந்த ஆளும் இந்த அலமேடா மாவட்டத்துலயே உண்டு. ஓக்லண்ட் பார்பரா லீ. 2001 செப்டம்பர் 14, நியூயார்க் கோபுரம் விழுந்து மூணே நாள். அதுக்குக் காரணம்னு தான் தீர்மானிக்கிற யார் மேலயும் படையெடுக்கலாம்னு ஜனாதிபதிக்கு அதிகாரம் குடுக்கிற தீர்மானம். 420 பேர் சரின்னாங்க, அந்த அம்மா ஒத்தையா நின்னு வேணாம்னாங்க. கொலை மிரட்டல் வந்து போலீஸ் காவல் போட வேண்டியதாப் போச்சு. அடுத்த மாசம், வேவு பாக்கிற அதிகாரத்தைக் கூட்டின பேட்ரியட் சட்டத்துக்கும் வேணாம்னாங்க. அவங்க தொகுதி அவங்களைக் கைவிடல, அதைச் சொல்லணும். ஆனா 2024 மார்ச்சில செனட்டுக்கு நின்னப்ப மாநிலம் அவங்களை நாலாவது இடத்துல வெச்சுச்சு. முன்னுக்கு வந்தவரு ஆடம் ஷிஃப், பேட்ரியட் சட்டத்துக்குச் சரின்னு போட்டவரு. அவரோட கூட வந்தவரு ஸ்டீவ் கார்வி, பேஸ்பால் நல்லா ஆடுவாராம். மனசாட்சிக்குச் சிலை வைப்பீங்க, ஓட்டை விளம்பரத்துக்குப் போடுவீங்க. உங்க தாத்தன் ஊர்லயும் அதே வழக்கம்தான், வெக்கப்படாத.

நம்ம ஊர்ப் பொண்ணுன்னு கமலா ஹாரிசை விட்டுடுவேன்னு நினைச்சியா? அவங்கம்மா வழித் தாத்தா ஊரு துளசேந்திரபுரம், நம்ம மன்னார்குடிப் பக்கம்தான். அவங்க ஜெயிக்கணும்னு கோயில்ல பூசை வெச்சாங்க, நானும் பிரசாதம் வாங்கித் தின்னேன். பிரசாதம் வேற, பல்லு வேற. 2004-ல சான் ஃபிரான்சிஸ்கோவுல சர்க்கார் வக்கீலா இருந்தப்ப, ஒரு போலீஸ்காரரைக் கொன்னவனுக்கே மரண தண்டனை கேக்க மாட்டேன்னு நின்னாங்க. சொந்தக் கட்சிக்காரங்களே திட்டினாங்க, அசையல. 2014-ல மாநிலத்துக்கே தலைமை வக்கீலா இருக்கிறப்ப, இந்த மாநிலத்து மரண தண்டனை முறையே அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு ஒரு நீதிபதி தீர்ப்புச் சொன்னாரு. அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனவங்களும் அவங்கதான். மனசு மாறலைன்னுதான் சொல்றாங்க. நாற்காலி மாறிச்சு.

இங்க இருக்கிறவங்களையே குத்துறேன்னு உங்கப்பன் முறைக்கிறான். சரி, நம்மாளுக்கு வருவோம். 2002 மார்ச் 26-ல டெல்லியில ரெண்டு சபையும் ஒண்ணா உக்காந்து பொடாங்கிற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை நிறைவேத்துச்சு, 425-க்கு 296. ஆதரிச்ச கூட்டணியில வைகோ கட்சியும் இருந்துச்சு. ஜூன் 29-ல திருமங்கலத்துல புலிகளை ஆதரிச்சுப் பேசினாரு. பேசிட்டு எங்க போனாரு தெரியுமா? உங்க அமெரிக்காவுக்குத்தான். ஜெயலலிதா சர்க்கார் வழக்குப் போட்டாச்சுன்னு தெரிஞ்சும் திரும்பி வந்தாரு. ஜூலை 11-ல சென்னை விமான நிலையத்துலயே புடிச்சு, தன் கூட்டணி கொண்டுவந்த அதே பொடாவுல வேலூர் ஜெயில்ல போட்டாங்க. ஒன்றரை வருசத்துக்கு மேல உள்ள இருந்தாரு. ஓடி ஒளியாம வந்தாரு பாரு, அதுக்கு அவருக்கு ஒரு கும்பிடு. ஆனா அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கினப்ப அது தன் பேரைச் சொல்லிக் கூப்பிடும்னு அவரு நினைச்சிருப்பாரா? சட்டம் எழுதுறவங்க எல்லாருமே அடுத்தவன் பேரை மனசுல வெச்சுக்கிட்டுத்தான் எழுதுறாங்க. 2004-ல பொடாவை எடுத்தாங்க, ஊரே கை தட்டுச்சு. அதுல இருந்த சரக்குல பாதியை யுஏபிஏ சட்டத்துக்குள்ள இறக்கி வெச்சதை யாரும் பாக்கல. 1982-ல எம்ஜிஆர் காலத்துல வந்த குண்டர் சட்டத்தை மட்டும் இதுவரைக்கும் ஒருத்தரும் எடுக்கல. விசாரணையில்லாம ஒரு வருசம் உள்ள வைக்கலாம், எந்தக் கட்சிக்கு அதை விட மனசு வரும்? எதிர்க்கட்சியில இருக்கிறப்ப மட்டும் அது கொடுங்கோல்.

தலைவனை மட்டும் திட்டினா எனக்கே நியாயமாப் படல. நெருக்கடி நிலைக் காலம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. 1976 ஜனவரி 31-ல கருணாநிதி ஆட்சியைக் கலைச்சாங்க. அப்புறம் மிசாவுல புடிச்சு சென்னை ஜெயில்ல வெச்சு ஸ்டாலினை அடிச்சாங்க. எம்.பி.யா இருந்த சிட்டிபாபு அடிபட்டு, பின்னாடி செத்தும் போனாரு. 1977 மார்ச்சில தேர்தல் வந்துச்சு. வடக்க ஜனங்க இந்திரா காந்தியையே ரேபரேலியில தோக்கடிச்சாங்க. நாம என்ன பண்ணினோம்? 39 இடத்துல 34-ஐ இந்திரா இருந்த கூட்டணிக்குக் குடுத்தோம். நானும் குடுத்தேன். ரயில் நேரத்துக்கு வந்துச்சு, ஆபீஸ்ல ஆள் இருந்தாங்க, நம்ம தெருவுல யாரையும் புடிக்கல. வேற என்ன வேணும் மனுசனுக்கு? 1980-ல அடிபட்ட கட்சியே இந்திராவோட கூட்டணி வெச்சுச்சு, 37 இடம் ஜெயிச்சாங்க. அடிச்சவங்களும் அடி வாங்கினவங்களும் ஒரே மேடையில மாலை போட்டுக்கிட்டாங்க, கீழ நின்னு நாம விசிலடிச்சோம்.

நம்ம தெருவுல யாரையும் புடிக்கலைன்னு சொன்னேன்ல, உங்க தெருவுக்கு வா. உங்கப்பன் இந்த டப்ளின்ல வீடு வாங்கினப்ப பள்ளிக்கூடத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க்குன்னு பாத்தான். பார்ட் ரயில் நிலையம் எத்தனை நிமிசம்னு பாத்தான். வாசல் கிழக்கான்னு திசைகாட்டியை வெச்சுப் பாத்தான். சான்டா ரீட்டா ஜெயில் எவ்வளவு தூரம்னு மட்டும் பாக்கல. 1989-லேருந்து 580 நெடுஞ்சாலைக்கு வடக்க அத்தாம்பெருசா நிக்குது, மாவட்டத்துக்கே அதுதான் ஜெயில். உள்ள இருக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இன்னும் தீர்ப்பே வரல. அவங்களைத் தனியார் கம்பெனி நடத்துற சமையல்கட்டுல கூலி இல்லாம வேலை வாங்கினாங்க. அது வழக்காகி, அப்படிப்பட்டவங்களுக்குக் குறைஞ்சபட்சக் கூலி குடுக்கச் சட்டத்துல இடமில்லன்னு 2024 ஏப்ரல்ல கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. ஒரு நடை தூரத்துல மத்திய சர்க்கார் நடத்தின பொம்பளைங்க ஜெயில் ஒண்ணு இருந்துச்சு. காபந்து பண்ண வேண்டிய வார்டனே கைதிப் பொண்ணுங்ககிட்ட முறைகேடா நடந்து தண்டனை வாங்கினாரு. பிரார்த்தனை பண்ணிவைக்க வந்த பாதிரியாருக்கும் தண்டனை. அதே 2024 ஏப்ரல்ல அதை மூடிட்டாங்க. நீ அப்ப இங்கதான் ஸ்கூல் போய்க்கிட்டு இருந்த. வீட்டுல ஒரு வார்த்தை பேசினீங்களா?

அந்த நவம்பர்ல ஆறாம் நம்பர்ப் பிரேரணைன்னு ஒண்ணு ஓட்டுக்கு வந்துச்சு. தண்டனைக் கைதியைக் கட்டாய வேலை வாங்கக் கூடாதுன்னு மாநில அரசியல் சட்டத்துல எழுதணும்னு. இந்த மாதிரிப் புத்தகத்துல எதிர்த்து எழுத ஒரு ஆளு வரலையாம், அந்தப் பக்கத்துல எதிர்வாதமே இல்ல. எண்ணிப் பாத்தா நூத்துக்கு 53 பேர் வேணாம்னு குத்தியிருக்காங்க. அதே சீட்டுல, சில்லறைத் திருட்டுக்கும் போதைக்கும் தண்டனையைக் கூட்டுற 36-ஆம் பிரேரணைக்கு நூத்துக்கு 68 பேர் சரின்னாங்க. வேட்பாளன் முட்டாளா? அவன் இந்தக் கணக்கைப் பாத்துட்டுத்தான் மேடை ஏறுறான். மேடையில உரிமையைப் பேசுவான், சபையில கணக்குப்படி கை தூக்குவான்.

ஷெரீஃப் தேர்தலைப் பாரு. இந்த ஊருக்குத் தனிப் போலீஸ் கிடையாது, ஷெரீஃப் ஆளுங்கதான் டப்ளின் போலீஸ். ஜெயிலும் அவர் கையில. 2007-லேருந்து இருந்த கிரிகரி அஹெர்னை 2022 ஜூன்ல தோக்கடிச்சீங்க, ஜெயில்ல சாவு அதிகம்னு பேச்சு. ஜெயிச்சது யெசேனியா சான்செஸ். அதுக்கு முன்னாடி என்ன வேலையில இருந்தாங்கன்னு கேளு, அந்த ஜெயிலுக்கே பொறுப்பு அதிகாரி. சீர்திருத்தம் பண்றேன்னாங்க, பண்ணட்டும். அடுத்த ஷெரீஃப் தேர்தல் 2028-ல. உனக்கு நேரம் இருக்கு, ஜெயில் இருக்கிற திசையையாவது தெரிஞ்சு வெச்சுக்க.

பக்கத்து வீட்டு எச்-1பி விசாத் தம்பி ராத்திரி பூரா கணினி முன்னாடி உக்காந்து பழைய பேஸ்புக் பதிவையெல்லாம் அழிச்சுக்கிட்டு இருக்கான். என்ன தம்பி எழுதினீங்கன்னேன். ஜல்லிக்கட்டுக்கு ஒரு வரி, சினிமாக்காரரைத் திட்டி நாலு வரி, அவ்வளவுதான் தாத்தான்னான். 2025 ஜனவரி 20-ல பதவியேத்த அன்னிக்கே டிரம்ப் பேச்சுச் சுதந்திரத்தை மீட்டுட்டேன்னு உத்தரவு போட்டாரு. ஜூன் மாசம், படிக்க வர்ற பிள்ளைங்க தங்களோட சமூக வலைத்தளக் கணக்கைத் திறந்து வெக்கணும்னு அதே சர்க்கார் சொல்லிச்சு. டிசம்பர்ல எச்-1பி-க்காரங்களுக்கும் அதே உத்தரவு. மீட்ட சுதந்திரத்தைப் பத்திரமா இருக்கான்னு திறந்து பாக்கிறாங்க போல. அந்தத் தம்பிக்கு ஓட்டு இல்ல, எனக்கும் இல்ல. தெருவுக்கே பேச்சு நின்னு போச்சு, உன் கையில இருக்கிற காகிதம் மட்டும்தான் பேசும். அதுல நீ பள்ளிக்கூட மார்க்கையும் வீட்டு விலையையும் பாத்துட்டுக் குத்துவ.

குத்து, வேணாங்கல. தீபாவளி விழாவுக்கு ஜிப்பா மாட்டிக்கிட்டு, கைகூப்பி, வணக்கத்தை உடைச்சு உடைச்சுச் சொல்லிக்கிட்டு ஒரு வேட்பாளர் வருவாரு பாரு. இங்க வராம இருக்க மாட்டாரு, நம்ம சனம் அவ்வளவு பெருகிடுச்சு. எந்தச் சட்டத்தை எதிர்க்கிறீங்கன்னு கேக்காத, எதிராளி கொண்டுவந்ததையெல்லாம் ஒப்பிப்பாரு. காரு நம்பரைப் படம் புடிக்கிற கேமராவைக் கம்பத்துக்குக் கம்பம் மாட்டுறாங்களே, அந்தப் படத்தை எத்தனை நாள் வெச்சிருப்பீங்க, யாருக்குக் குடுப்பீங்கன்னு கேளு. அதுக்கு மேல ஒண்ணே ஒண்ணு கேளு: ஐயா, நீங்க ஜெயிச்சு வந்தா உங்க கைக்கு வரப்போற அதிகாரத்துல எதை வேணாம்னு திருப்பிக் குடுப்பீங்க? கேட்டுட்டு நிக்காத, பந்திக்குப் போயிடு. அவரு யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள வடை தீந்துடும்.